புகைப்பட வித்தகர் ஜான் தாம்ஸன்

ஆண்டுதோறும் நம் கல்லூரி மலரில் வகுப்புக் குழுப்படங்கள் வெளிவருகின்றன. ஒவ்வொரு படத்தின் கீழும் அமர்ந்திருப்போர், நிற்போர் என வரிசை வகுத்து, இடமிருந்து வலமாகப் பெயர்கள் அச்சிடப்பெறுகின்றன. நாற்பது ஆண்டுகள் கழித்து மலரைப் புரட்டும் பழைய மாணவர் முதலில் தேடுவது தம் முகத்தை. அடுத்துத் தேடுவது கீழேயுள்ள தம் பெயரை. படத்தை எடுத்தவர் யார் என்று கேட்பார் அரியர். நாற்காலிகளைத் தூக்கிவந்து வரிசையாக இட்டுவிட்டு, ஓரத்திலே பெயரின்றி நிற்கும் பியூன் யார் என்று கேட்பார் அவரினும் அரியர். நாம் இங்கு எழுதப் புகுந்தது, அரசர்களையும் ஆண்டிகளையும் ஒரே பெட்டியின்முன் நிறுத்திய ஒருவரின் வரலாறு. மேற்கூறிய இரண்டு கேள்விகளையும் அன்பர்கள் மனத்திற்கொண்டு இதனைப் படிப்பார்களாக.

ஜான் தாம்ஸன் 1837ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள் ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். தந்தையார் புகையிலை முறுக்கி விற்று வாழ்ந்தவர், குழந்தைகள் பலர். ஆகவே பையன் இளமையிலேயே தொழில் பழகப் போனான். கண்ணாடி வில்லைகளும் விஞ்ஞானக் கருவிகளும் செய்யும் பட்டறை ஒன்றில் அவன் சேர்க்கப்பட்டான். புகைப்பட வித்தை தோன்றி இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. வில்லை தேய்ப்பவனுக்கு அவ்வித்தை அயலானதன்று. ஒளி எவ்வாறு வளைகிறது என்பதைக் கையாலேயே அறிந்தவன் அவன். பகலெல்லாம் பட்டறை, மாலையில், தொழிலாளருக்கென்று ஏற்பட்டிருந்த வாட் கலாசாலையில் படிப்பு. 1857, 1858 ஆகிய ஆண்டுகளில் இயற்கை விஞ்ஞானம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றில் அவர் தேர்ச்சிச் சான்றுகள் பெற்றார். பிற்காலத்தில் நடுக்காட்டில் மருந்து கெட்டபோதெல்லாம் அவருக்குக் கைகொடுத்தது இந்த மாலைப் படிப்பே.

1862ஆம் ஆண்டு அவர் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றார். தமையனார் வில்லியம் அங்கே முன்னரே குடியேறியிருந்தார். சகோதரர் இருவரும் கப்பல்களுக்கு வேண்டிய காலக்கருவிகளையும் நோக்குக் கருவிகளையும் செய்து விற்றனர். அதனோடு படச்சாலையும் நடைபெற்றது. வெள்ளைக்கார வர்த்தகர்களும் அவர்தம் மனைவிமாரும் படம் எடுத்துக்கொள்ள வந்தனர்; பணமும் வந்தது. ஆனால் நான்கு சுவருக்குள் அடங்கியிருக்கும் இயல்பினர் அல்லர் தாம்ஸன். மலாக்காவுக்கும் பினாங்குக்கும் எதிர்க்கரையிலுள்ள வெல்லெஸ்லி மாகாணத்துக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். பினாங்குப் பகுதியில் மட்டும் பத்து மாதம் தங்கினார்.

அங்கேதான் தமிழராகிய நமக்கு உறவுள்ள ஒரு செய்தி வருகிறது. படங்களை அச்சிட உதவியாளர் தேவைப்பட்டபோது சீனர்கள் அவ்வேலைக்கு வர மறுத்தனர். மனிதக் கை படாமல் மனித உருவத்தை வரைவது பேய்வித்தை என்று அவர்கள் எண்ணினர். அப்போது முன்வந்தவர்கள், அந்நாட்டார் கிளிங்கர் என்றழைத்த தென்னிந்தியர் இருவர். சென்னை ராஜதானியிலிருந்து கடல் கடந்து வந்த அவ்விருவருக்கும் தாம்ஸன் தொழில் கற்பித்தார். வெள்ளி உப்பு தோய்த்த தாளை வெயிலிலே வைத்து, நிறம் ஏறும் பதம் பார்த்து எடுத்து, கழுவி, பொன்னுப்பில் தோய்த்து முடிக்கும் வேலை அது. பதம் பார்க்கத் தெரியாதவன் கையில் பத்துத் தாளில் எட்டுப் பாழாகும். ஜலசந்தி நாட்டுப் படங்களை எடுத்தவர் தாம்ஸன் என்பதை உலகறியும். பினாங்கில் அவற்றை வெயிலில் விளைவித்தவர்கள் நம்மவர் என்பதை அவர் தாமே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அவர் நூலில் அவர்கள் சென்னையர் இருவர் என்ற அளவில் வந்து போகின்றனர்.

அக்காலத்தில் படம் எடுப்பது எத்தகைய பாடு என்பதை இந்நாளைய மாணவர் அறிதல் நன்று. சட்டைப் பையிலிருந்து எடுத்து விரலால் தொட்டவுடன் படம் விழுகிற காலம் இது. தாம்ஸன் கையாண்டதோ ஈரத்தகட்டு முறை. வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் கொலோடியன் என்னும் பசைநீர் கிடைக்கும். அதைக் கண்ணாடித் தகட்டின்மேல் மேடுபள்ளமின்றிப் பரவுமாறு ஊற்றவேண்டும். பின் இருட்டுக் கூடாரத்துக்குள் புகுந்து வெள்ளி நைட்ரேட் கரைசலில் அதை மூழ்கவைக்கவேண்டும். எடுத்த ஈரம் உலர்வதற்குள் பெட்டியில் செருகி ஒளி காட்டி, மீண்டும் கூடாரத்துக்குள் ஓடி அன்னபேதிக் கரைசலை ஊற்றி உருவை வரவழைக்கவேண்டும். உலர்ந்தால் உணர்ச்சி போய்விடும். வெப்ப நாட்டில் இதற்கெல்லாம் கிடைக்கும் அவகாசம் சில நிமிஷங்களே. ஒரு தூசி, ஓர் ஈ, ஒரு வியர்வைத்துளி போதும், அரைநாள் உழைப்பு வீண். சிறிய படத்தைப் பெரிதாக்கும் வசதி இல்லாமையால், பெரிய படம் வேண்டுமானால் அவ்வளவு பெரிய கண்ணாடியே வேண்டும். கண்ணாடிகள், மருந்துப் புட்டிகள், கூடாரம், முக்காலி, நீர்க்கலங்கள் இவற்றையெல்லாம் சுமக்க எட்டுப் பத்துக் கூலியாட்கள் உடன் நடந்தனர். வெள்ளி உப்புப் பட்ட விரல்கள் கறுத்துப்போகும். அக்கறை எளிதில் நீங்காது.

1864ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிப் பல்லாயிரவர் மாண்டனர். அவ்வாண்டு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்த தாம்ஸன் புயலின் அழிவுகளைப் படமெடுத்தார். நம் நாட்டில் அவர் தங்கியது சில வாரங்களே. சிங்கப்பூருக்குத் திரும்பியபின் படச்சாலையை விற்றுவிட்டு 1865ஆம் ஆண்டு சயாமுக்குப் புறப்பட்டார்.

இன்று தாய்லாந்து எனப்படும் அந்நாட்டை அப்போது ஆண்டவர் மங்குத் மன்னர். அவர் சாமானியர் அல்லர். அரியணை ஏறுமுன் இருபத்தேழு ஆண்டுகள் பௌத்தத் துறவியாக வாழ்ந்தவர். அமெரிக்கப் பாதிரிமாரிடம் ஆங்கிலமும் பிரெஞ்சு பிஷப் ஒருவரிடம் லத்தீனும் கற்றவர். வானசாஸ்திரத்தில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். குறித்த நாளில் மன்னர் தூய வெண்ணாடை உடுத்தி வந்து, முழந்தாளிட்டுப் பிரார்த்திக்கும் கோலத்தில் தம்மைப் படமெடுக்குமாறு விரும்பினார். எல்லாம் ஆயத்தமாயிற்று. ஒளி காட்டும் தறுவாயில் மன்னர் யாதொன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். தாம்ஸன் திகைத்து, அருகிலிருந்த இளவரசரை வினவினார். அரசர் எது செய்யினும் அது சரியே என்றும், இந்நேரத்தில் குறுக்கே போய்க் கேட்டால் தம் தலையே போனாலும் போகும் என்றும் அவர் விடையிறுத்தாராம். சிறிது நேரத்தில் மன்னர் பிரெஞ்சுச் சேனாபதியின் உடையில் மீண்டும் தோன்றினார்! துறவிக் கோலம் போய்ப் போர்க்கோலம் வந்தது. மேற்குத் திசையிலிருந்து பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நாடுகளை விழுங்கி வந்த காலத்தில், தம் உருவம் எந்த உடையில் உலகத்தார் கண்ணில் படவேண்டும் என்பதை அந்த முதியவர் அந்த ஒரு நாழிகையில் மறுபடியும் எண்ணிப்பார்த்திருக்கிறார் என்றே நாம் கருதுகிறோம். அரசரின் கைகால்களைச் சரிவர அமர்த்தவேண்டிய கட்டம் வந்தபோது சபையோர் நடுங்கினர். மன்னர் மேனியைத் தொடுவதா? மன்னரோ, படம் நன்கு அமைய வேண்டியதைச் செய்யுமாறு தாமே இசைவளித்தார். படமெடுக்கப்படுவோர் எல்லாருக்கும் இவ்வாறு நினைத்து, மாற்றி, இசையும் உரிமை வாய்ப்பதில்லை என்பதைப் பின்னே காண்போம்.

சயாமில் அரசகுமாரர் சூளாலங்கர்ணின் முடிகளை விழாவையும் அரச படகுகளின் ஊர்வலத்தையும் அவர் படமெடுத்தார். ஆயினும் அவர் உள்ளம் காம்போஜக் காடுகளிலே இருந்தது. ஆன்றி மூஹோ என்னும் பிரெஞ்சு யாத்திரிகர் அங்கோர் என்னும் பாழ்நகரைப்பற்றி எழுதியதை அவர் படித்திருந்தார். அப்பகுதி அந்நாளில் சயாமின் ஆட்சியில் இருந்தமையால் மன்னரிடமே அனுமதி பெற்று, 1866ஆம் ஆண்டு ஜனவரியில் புறப்பட்டார். ஆங்கிலத் தூதரகத்தைச் சேர்ந்த கென்னடி என்பவர் துணைவராகச் சென்றார். படகிலும் வண்டியிலும் யானைமீதும் நெடுவழி. நடுவழியில் காட்டுக் காய்ச்சல் தாம்ஸனைப் பற்றியது; கென்னடி அருகிருந்து பேணாவிடில் வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். உடல் தேறியபின் அங்கோரை அடைந்து, இரண்டு வாரமளவு தங்கிப் படங்கள் எடுத்தார். அளவெடுத்து வரைபடமும் தீட்டினார். வேர்களும் கொடிகளும் மூடிய அக்கோயிலின் சுவர்களில் இராமாயணப் போரும் பாரதப் போரும் பாற்கடல் கடைதலும் கல்லிலே ஓடுவதை அவர் கண்டார். அக்கோயிலின் அமைப்பு மேருமலையைக் குறிப்பது என்று அவர் ஊகித்தார். பிற்கால ஆராய்ச்சியாளரும் அக்கருத்துடையரே. எடின்பரோப் பட்டறையிலிருந்து வந்தவருக்கு இவ்வூகம் எவ்வாறு எழுந்தது என்பது வியக்கத்தக்கதே.

அவ்வாண்டே தாய்நாடு திரும்பினார். அரச பூகோள சங்கத்தின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அங்கோர்ப் படங்கள் பதினாறு கொண்ட நூலை 1867இல் வெளியிட்டார். அதே ஆண்டு மறுபடியும் கீழ்த்திசைக்குப் புறப்பட்டு, சைகோனில் சிலகாலம் தங்கி, 1868இல் ஹாங்காங்கில் படச்சாலை அமைத்தார். மணமும் அவ்வாண்டே, மணமகள் ஒரு கப்பல் தலைவரின் புதல்வி இஸபெல் பெட்ரி. ஹாங்காங்கில் அவர் வருவாய் தேடியது மாலுமிகள், வர்த்தகர், அதிகாரிகள் ஆகியோரின் உருவப்படங்களால். 1869இல் எடின்பரோ கோமகன் அங்கு வந்தபோது வரவேற்புக் காட்சிகளை எடுக்கும் பணியும் அவருக்குக் கிடைத்தது. கேட்டவர்க்குக் கேட்டவாறு எடுத்துக்கொடுக்கும் இவ்வேலையைப்பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு போட்டது அதுதான் என்பதை மட்டும் மறத்தலாகாது. சீனப் படக்காரர்களின் கடைகளையும் அவர் சென்று பார்த்தார். அபாங் என்பவரின் கைத்திறனை மனமாரப் புகழ்ந்திருக்கிறார். சீனர் தம் முகம் நேர்முகமாக, இரு காதும் தெரிய, நிழல் படியாமல் வரவேண்டுமென விரும்பினர். ஐரோப்பியர் அழகென்று கொண்ட பக்கப்பார்வையும் பாதி நிழலும் அவர்களுக்கு முகத்தில் அழுக்குப் பூசியது போல் தோன்றின. நம் ஊர்ப் பாட்டிமாரும் இக்கட்சியினரே என்பதை வீட்டுப் படங்களைப் பார்த்தோர் அறிவர்.

1870 முதல் 1872 வரை அவர் சீனத்தில் செய்த சஞ்சாரமே அவர் புகழுக்கு முதற்காரணம். ஏறத்தாழ ஐயாயிரம் மைல். ஆற்றிலும் கடலிலும் கால்நடையிலும். அந்தச் சீனம் அந்நியரை நம்பாத சீனம். அபினி வாணிகத்தை முன்னிட்டு நடந்த போர்களில் இருமுறை தோற்று, 1860இல் தன் பேரரசரின் பூங்கா மாளிகை ஆங்கிலேயராலும் பிரெஞ்சுக்காரராலும் கொளுத்தப்படுவதைக் கண்ட நாடு. குழந்தைகளின் கண்களைத் தோண்டிப் படமருந்து செய்கிறார்கள் என்ற வதந்தி பல ஊர்களில் உலவியது. 1870ஆம் ஆண்டு ஜூன் மாதம் தியன்சினில் பிரெஞ்சுக் கன்னியரும் பிறரும் கொல்லப்பட்டதற்கு இத்தகைய வதந்திகளும் காரணம். தாம்ஸனின் பெட்டி மலையையும் பாறையையும் ஊடுருவிப் பார்க்கும் என்றும், அதன் முன் நின்றவர் விரைவில் மாள்வர் என்றும் மக்கள் அஞ்சினர்.

சாவ்சௌபூ என்னும் ஊரில் ஆற்றின்மேல் கடைகள் நிறைந்த ஒரு பழைய பாலம் இருந்தது. கூட்டம் சேருமுன் படமெடுத்துவிடலாமென்று தாம்ஸன் விடியற்காலையிலே போனார். ஆனால் மக்கள் திரண்டுவிட்டனர், கூச்சல் எழுந்தது, கல்லும் மண்ணும் பறந்தன. முக்காலியின் கூரிய கால்களை ஈட்டிபோல் நீட்டிக்கொண்டு அவர் ஆற்றை நோக்கி ஓடிப் படகில் தாவினார். லென்ஸின் மூடி தொலைந்தது; மூடியிருந்த இடத்தில் ஓர் உருண்டைச் சேறு வந்து அப்பியது. ஆயினும் பாலம் தகட்டில் விழுந்திருந்தது! இந்நிகழ்ச்சியை அவர் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். கல்லெறிந்தவர்கள் எழுதியிருந்தால் அது வேறு சுவையாக இருந்திருக்கும்.

இதனினும் நம்மை அதிகம் நிறுத்திவைப்பது ஆமாய் நகரில் எடுத்த ஒரு படம். சீன மாதர் இளமையிலே பாதத்தைக் கட்டிக் குறுக்கும் வழக்கம் அந்நாளில் பரவியிருந்தது. கட்டை அவிழ்த்த பாதத்தை அவர்கள் கணவன்மாரும் காண்பது அரிது. அதைப் படமெடுக்கவேண்டுமென்று தாம்ஸன் பல ஊர்களில் முயன்றும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் இயலாது என்றே சீனர் கூறினர். ஆமாயில் ஒரு பெண் அகப்பட்டாள். உடன்வந்த கிழவிக்குக் கைக்கூலி, அப்பெண்ணுக்கும் தொகை. கட்டு அவிழ்ந்தது, தகடு விழுந்தது. அக்கொடுமையை ஐரோப்பா கண்டறிந்தது அப்படத்தால் என்பர். இருக்கலாம். அவ்வழக்கத்தை ஒழிக்கப் பின்னாளில் சீனர்களே எழுந்து உழைத்தார்கள் என்பதும் உண்மை. எனினும் அந்த ஒரு படத்தை மட்டும் அவர் எடுக்காதிருந்திருக்கலாம் என்பதே நம் எண்ணம். சயாம் மன்னர் எழுந்து உள்ளே சென்றார். உடை மாற்றி வந்தார். இவளுக்கு எழுந்து செல்லும் வழியில்லை.

இதனைச் சொன்ன நாம் மற்றதையும் சொல்லவேண்டும். பூச்சௌ நகரிலிருந்து மின் ஆற்றின் வழியே நூற்றறுபது மைல் அவர் மேல்நோக்கிச் சென்றபோது, சீனரின் வாழ்க்கையைப்பற்றி நூலெழுதிய அமெரிக்கப் பாதிரியார் ஜஸ்டஸ் டூலிட்டில் உடன் சென்றார். பூச்சௌவில் கல்லறைகளுக்குள் குடியிருந்த இரவலர்களையும் அவர் தேடிப்போய்க் கண்டார். 1871ஆம் ஆண்டு ஏப்ரலில், இன்று தைவான் எனப்படும் பார்மோசாத் தீவுக்கு மருத்துவப் பாதிரியார் ஜேம்ஸ் லெய்ட்லா மாக்ஸ்வெல்லோடு கப்பலேறினார். மாக்ஸ்வெல் 1865இல் தைவான்பூ நகரில் மருந்துச்சாலை திறந்து, பிணங்களைக்கொண்டு மருந்து செய்கிறார் என்ற வதந்தியால் ஒரு மாதம் நிறைவதற்குள் துரத்தப்பட்டு, மனந்தளராமல் வேறிடத்தில் தொடங்கி மீண்டும் அந்நகருக்கே வந்தவர். ஊர் ஊராக அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே நடக்க, தாம்ஸன் படமெடுத்துக்கொண்டே நடந்தார். மலையடிவாரத்துப் பெப்போவான் குடிகள் இருவரையும் அன்போடு ஏற்றனர். அங்குக் குழந்தையை முதுகில் கட்டிய தாயர், வேடர், கிழவியர் ஆகியோரைத் தாம்ஸன் எடுத்த படங்களில் அச்சமில்லை, கூச்சமுமில்லை. மருத்துவரை நம்பியவர்கள் மருத்துவரின் நண்பரையும் நம்பினர். பெட்டி அதே பெட்டிதான். வந்த வழிதான் வேறு. அங்கு ஒரு சங்கடம்: தண்ணீர் காரத்தன்மை உடையதாயிருந்தமையால் மருந்துகள் வேலைசெய்யவில்லை. உள்ளூர்க் காடியை வாங்கிக் கலந்து அதைச் சரிப்படுத்தினார். ரசாயனச் சான்று பெற்றவர் அல்லவா?

பீக்கிங்கில் பேரரசரின் சிற்றப்பனாராகிய குங் இளவரசரும் வெளிநாட்டு விவகார மந்திரிகளும், தியன்சினில் லீ ஹுங்சாங்கும் அவர் முன் அமர்ந்தனர். சீன அதிகாரியான யாங் என்பவர் தம் வீட்டிலேயே ரசாயனச் சாலை வைத்துப் படக்கலை பயின்றுவந்தார். அவர் வீட்டு முற்றங்களில் தாம்ஸன் நண்பராய்ப் பழகினார். எரிந்த கோடை மாளிகையின் எச்சங்களையும் படமெடுத்தார். யாங்ட்ஸி நதியில் படகேறி, செங்குத்தான கணவாய்களின் வழியே சிசுவான் எல்லை வரை சென்றார். அங்கே படகை நீர் இழுத்துச் செல்லாதபடி மூங்கிற்கயிறு கட்டிக் கரைப்பாறைகளில் கூனிக்குறுகி இழுத்தவர்களைப்பற்றி எழுதும்போது, அவர் தமக்குற்ற ஆபத்தைவிட அவர்கள் பாட்டையே அதிகம் எழுதுகிறார்.

1872இல் இங்கிலாந்து திரும்பியவர், 1873, 1874 ஆகிய ஆண்டுகளில் சீனத்தையும் அதன் மக்களையும் பற்றிய நூலை நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். படங்கள் இருநூறு. ஒட்டிய படங்கள் வெளிறிப்போகும் குறையை நீக்க, அவற்றை மையால் அச்சிடும் முறையைக் கைக்கொண்டார். ஒவ்வொரு படத்துக்கும் தாமே விளக்கம் எழுதினார். படமும் எழுத்தும் இணைந்து நடக்கும் பிரயாண நூலுக்கு இது வழிகாட்டியாயிற்று. குறையும் உண்டு. சில பக்கங்களில் முகங்களை மாத்திரம் வரிசையாக அடுக்கி, இது சீனத் தலை, இது மங்கோலியத் தலை என்று பூச்சி சேகரிப்பவன்போல் குறித்திருக்கிறார். அது அக்காலத்து இனநூலாரின் வழக்கம். அவரும் அதற்கு விலக்கல்லர். குங் இளவரசருக்குப் பெயர் உண்டு. வரிசையில் வந்த தலைகளுக்குப் பெயர் இல்லை.

பின்பு நிகழ்ந்ததுதான் எதிர்பாராதது. சீனத்திலே இரவலரையும் கூலிகளையும் நோக்கிய கண்ணை அவர் தம் தலைநகரின் மீதே திருப்பினார். 1877ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் பன்னிரண்டு மாதம், அடால்ப் ஸ்மித் என்னும் சீர்திருத்தப் பத்திரிகையாளரோடு கூடி, லண்டன் தெருவாழ்க்கை என்னும் மாத வெளியீட்டை நடத்தினார். பூ விற்போர், காலணி துடைப்போர், பழஞ்சாமான் வாங்குவோர், சுவரொட்டி ஒட்டுவோர், நாடோடிகள் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். அதற்குமுன் ஏழைகளைப்பற்றி ஹென்றி மேஹ்யூ எழுதிய நூலில் இருந்தவை மரச்செதுக்குப் படங்கள். செதுக்குவோன் கை கூட்டலாம், குறைக்கலாம். இவர்கள் புகைப்படத்தையே வைத்ததற்குக் காரணம், வறுமையை மிகைப்படுத்தினர் என்றோ குறைத்தனர் என்றோ எவரும் குறைகூறலாகாது என்பது. உண்மையில் அவையும் முற்றிலும் தாமாக நிகழ்ந்தவை அல்ல. சில விநாடி அசையாது நிற்கவேண்டியிருந்தமையால் நிற்கச்சொல்லி நிறுத்தியவையே.

ஆயினும் இம்முறை ஒரு மாறுதலைக் காண்கிறோம். அவர்கள் அம்மக்களிடம் பேசினர், கேட்டதை எழுதினர். நாடோடி வண்டியின் படியில் அமர்ந்த ஒரு பெண்ணின் படம் முதல் வெளியீட்டில் வந்தது. படத்திலிருந்த வில்லியம் ஹாம்டனிடம் அதைக் காட்டியபோது, இது மேரி பிராட் அல்லவா, சென்ற மாதம் கொலையுண்டவள் என்று அவன் அலறினானாம். அச்சான படம் வெளிவருமுன் அவள் மாண்டுவிட்டாள். பெயரோடு அவள் நூலில் நின்றாள்.

அத்தொகுதியில் புகழ்பெற்றது, ஊர்வோர் என்ற தலைப்புடைய படம். எழுந்து நடக்கவும் வலியற்று, வெந்நீர் வாங்கத் தவழ்ந்து போவதால் அவர்களுக்கு அப்பெயர். ஏழைவிடுதி ஒன்றின் கற்படியில் முதியவள் ஒருத்தி சாய்ந்திருக்கிறாள். தோளில் ஒரு குழந்தை உறங்குகிறது. தையற்காரர் ஒருவரின் விதவை அவள். மருமகனும் நோயால் தொழிலிழந்தவன். குழந்தை அவளுடையதன்று. காப்பிக்கடையில் வேலைக்குப் போகும் வேறொரு பெண்ணின் குழந்தை. பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலி, ஒரு கோப்பைத் தேநீரும் சிறிது ரொட்டியும். அதுவும் நாள்தோறும் கிடைப்பதில்லை. சீனத்துக் கல்லறை இரவலரைக் கண்டு பரிதாபமுற்ற ஆங்கில வாசகர், அவ்வாறான ஒருத்தியைத் தம் தெருக்கோடியிலே கண்டனர்.

இவ்வெளியீடு பணம் ஈட்டித் தந்ததாகத் தோன்றவில்லை. 1878இல் சைப்ரஸ் தீவு ஆங்கில ஆட்சிக்கு வந்தவுடன் அங்கே சென்று படமெடுத்து, அடுத்த ஆண்டு இரு தொகுதிகளாக வெளியிட்டார். குடும்பம் பெருகியிருந்தது. மறுபடியும் உருவப்பட வேலைக்கே திரும்பினார். 1881இல் விக்டோரியா அரசியாரின் படக்காரர் என்ற பட்டயம் கிடைத்தது. லண்டனின் செல்வர் தெருக்களில் அவர் படச்சாலை நடந்தது. பட்டாடையும் வைரமும் அணிந்த சீமாட்டிகள் வந்தமர்ந்தனர். அவர் எடுத்த படங்களில் இன்று எவரும் தேடிப் பார்க்காதவை அவையே.

1886 முதல் அரச பூகோள சங்கத்தில், தூரதேசம் செல்வோருக்குப் படக்கலை கற்பித்தார். அவரிடம் பயின்றோருள் இஸபெல்லா பேர்டு அம்மையாரும் ஒருவர். அறுபது வயதுக்குமேல் படப்பெட்டியுடன் யாங்ட்ஸி நதியில் பயணம் செய்தவர் அவர். 1910இல் தொழிலை விட்டு எடின்பரோ திரும்பிய தாம்ஸன், 1921ஆம் ஆண்டு தம் 84ஆம் வயதில் இதயநோயால் காலமானார்.

அவர் வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் ஏறக்குறைய எழுநூறு. மருந்து வர்த்தகரும் பழம்பொருள் சேகரிப்பவருமான ஹென்றி வெல்கம் அவற்றை மரப்பெட்டிகளோடு வாங்கிக்கொண்டார். அவை லண்டனிலுள்ள வெல்கம் நூலகத்துக்குச் சேர்ந்தன. கூலியாட்களின் தோளிலும் கழுதை முதுகிலும் யாங்ட்ஸிப் படகுகளிலும் உடையாமல் வந்த கண்ணாடிகள் அவை. 2009ஆம் ஆண்டில் அத்தகடுகளிலிருந்து அச்சிட்ட பெரிய படங்கள் பீக்கிங்கில் கண்காட்சியாக வைக்கப்பட்டு, பின்னர்ப் பூச்சௌவுக்கும் காண்டனுக்கும் சென்றன. தம் பாட்டன் பூட்டன் காலத்துத் தெருக்களைக் காணச் சீனர்கள் வரிசையாய் வந்தனர். இம்முறை கல்லெறிவார் இல்லை. முகங்களை ஒவ்வொன்றாக உற்றுநோக்கினர். கீழே பெயர் எழுதப்பெறாத முகங்களே அவற்றுள் மிகுதி.